ஞாயிற்றுக்கிழமை ரிப்போர்ட்

கோபித்துக்கொண்டு போன பிள்ளை எங்கேயோ காலையில் கண்விழித்துவிட்டான் என்று தெரிந்துகொள்ள மாதம் முந்நூற்று நாற்பது ரூபாய். தில்லைநாதனுக்கு இந்த விலை அன்றுவரை தெரியாது. பிளைவுட் கடையின் கணக்கு மென்பொருளுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று சந்தா. வேண்டாத பெயர்களை எடுக்கச் சொல்லி, கணினி பார்க்கும் சுகந்தியின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"சின்ன மொதலாளி பேரு இன்னும் இருக்கு. தினமும் காலையில அவருக்கும் விற்பனை ரிப்போர்ட் போகுது."

"கடையே வேணாம்னு போனவனுக்கு எதுக்கும்மா? தண்டச்செலவு. தூக்கு."

"தெனம் தொறந்து பாக்குறாரே மொதலாளி. இன்னிக்கும் ஆறு மணிக்கே பாத்துட்டாரு."

அரை சதவீதத் தள்ளுபடிக்கு அரை நாள் பேசுகிற மனிதர், முந்நூற்று நாற்பதை விட்டுவிட்டு, திரையில் மகன் பெயருக்கு நேரே இருந்த நேரத்தைக் குனிந்து பார்த்தார்.

"ஞாயித்துக்கெழம?"

"கடை லீவுல்ல? போகாது."

"இனிமே அன்னிக்கும் போகட்டும்."

"வெறும் பூஜ்யம்தான் போகும் மொதலாளி."

"பூஜ்யத்துக்குத் தனியா காசு கேப்பானா?"

"கேக்க மாட்டாங்க."

"அப்ப அனுப்பு."

ஞாயிறு காலை, பூட்டிய கடையின் ரிப்போர்ட் போயிற்று. தில்லைநாதன் காப்பியை ஆறவிட்டுக் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். விற்பனை பூஜ்யம், வரவு பூஜ்யம், திறந்து பார்த்தவர் ஒருவர்.