கழுவ வேண்டிய கால்

"மணி அஞ்சரை ஆச்சு, இந்த மனுஷன இன்னும் காணோமே!" இருதயமேரி பத்தாவது முறையாக வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

அன்று பெரிய வியாழன், இயேசு சீடர்களின் கால்களைக் கழுவிய நாள். சிம்பாங் பூலாய்க் கோயிலில் ஆறு மணிப் பூசை. பாதர் கால் கழுவப்போகும் பன்னிரண்டு பேரில் அவள் கணவன் செபாஸ்டியனும் ஒருவன். காலையிலேயே தேங்காய் நார் போட்டு அவன் கால்களைத் தேய்த்து வைத்திருந்தாள்.

வந்தான், முழங்கால் வரை கறுப்புச் சேற்றோடு.

"ஐயோ மாதாவே! எங்க போய் விழுந்தீங்க?"

"கீழ் லயத்துல லோங்காங்ல சாக்கடத் தண்ணி அடச்சுக் கிடக்குலா. ஒரே கொசு. மூணு பிள்ளைங்களுக்குக் காய்ச்சல். ஒருத்தர் தனியா இறங்கி வெட்டிக்கிட்டிருந்தாரு. பார்த்துட்டு எப்படி வர்றது?"

"அந்த ஆளுக்கு என்ன, ஆறு மணிக்குக் கோயில்ல வேலையா இருக்கு?"

செபாஸ்டியன் சிரித்துக்கொண்டே குழாயடிக்குப் போனான்.

குழாயில் மத்தியானத்திலிருந்தே தண்ணீர் இல்லை. பானையில் இருந்த குடிதண்ணீரை ஊற்றித் தேய்த்தும் நகக்கண்களில் அழுக்கு போகவில்லை.

கோயிலில் முன்வரிசையில் உட்கார்ந்தவள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். ஊரே பார்க்குமே. பாதர் என்ன நினைப்பார்?

பாதர் செபாஸ்டியன் முன்னால் மண்டியிட்டு அவன் வலது காலை ஏந்தினார். கண்களை இறுக மூடியவள் மெல்லத் திறந்தாள்.

பாதரின் நகக்கண்களிலும் அதே கறுப்புச் சேறு.

"உங்க வீட்டுக் குழாயிலயும் தண்ணி வரலையா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார் பாதர்.