கரகரப்பு அடங்கிய சாயங்காலம்

ஜாக்கியில் தூக்கி நிறுத்திய காரின் முன்சக்கரம் சுவரோரம் சாய்ந்திருக்க, அது இருந்த இடத்தில் அவன் தலையை நுழைத்திருக்கிறான். நிறைமாத மனைவி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, முகம் பார்க்கும் கண்ணாடியால் சாய்ந்த வெயிலைத் திருப்பி அவன் கைமேல் விழ வைக்கிறாள். "பிரேக் போட்டா கரகரன்னு அரைக்குதுன்னு சொன்னேனே, காதுல வாங்குனீங்களா?" அவன் கழற்றிய பிரேக் பேடை நீட்டுகிறான். "நீ சொன்னது சரிதான். தேய்ஞ்சு, இரும்போட இரும்பு உரசுது." ஆஸ்பத்திரிக்குப் போகிற சாலை முழுக்க இறக்கம் என்பது இருவருக்கும் தெரியும். பேட் கவ்விப் பிடிக்கும் டிஸ்க்கை விரலால் தடவுகிறான். நல்லவேளை, கீறல் மேலோட்டமானதுதான். மறுபக்கச் சக்கரத்தையும் கழற்றி, இரண்டு பக்கமும் புது பேட் மாட்டி, சக்கரங்களைப் பொருத்தி முடுக்கி, ஜாக்கியை இறக்கி, அவளைப் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டு பிரேக்கை மிதிக்கிறான். முதலில் மெத்தென்று இறங்கும் மிதி, மிதிக்க மிதிக்கக் கெட்டிப்படுகிறது. அதன்பிறகே வண்டியை நகர்த்துகிறான். தெருமுனையில் ஆளில்லாத இடமாகப் பார்த்து பிரேக்கை அழுத்துகிறான். கார் முனகாமல் நிற்கிறது. அவள் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, வயிற்றில் கை வைத்துச் சொல்கிறாள்: "சரி கண்ணு, இனி நீ எப்ப வேணும்னாலும் வரலாம்." பிரேக்கிலிருந்து காலை எடுக்கத் தோன்றாமல் அவன் அப்படியே உட்கார்ந்திருக்கிறான்.