பேசுக

அந்த அலுவலகத்தில், இறந்துபோன அதிகாரியின் வேலையை, அவருடைய பாணியிலேயே, அவர் கணினி ஆறு மாதம் தொடரும். புதிதாகச் சேரும் பட்டதாரி அதனிடம்தான் வேலை பழக வேண்டும். ஜெசிந்தாவின் இடத்துக்கு வந்த வெண்பா, அதே பிரிவில் வேலை பார்க்கும் ஜெசிந்தாவின் கணவன் அருளப்பனிடம் வந்து நின்றாள்.

"சார், உங்க ஃபைல மட்டும் மேடம் சிஸ்டம் 'பேசுக'ன்னு எழுதித் திருப்பி அனுப்புது. ஃபைல்ல ஒரு தப்பும் இல்ல. அந்தப் பழக்கத்த அழிச்சிரவா?"

கோப்பில் அந்தச் சொல்லைப் பார்த்தால், அனுப்பியவர் அதிகாரியிடம் நேரில் போக வேண்டும். காதலித்த காலத்தில் ஜெசிந்தா அப்படித்தான் அவனைத் தன் மேசைக்கு வரவழைப்பாள். "மறுபடியும் பேச்சாடா?" என்று பிரிவே சிரிக்கும்.

"அழிச்சிருங்க. சாப்பிட்டு வந்து பண்ணிக்கலாம்" என்றான்.

அவள் போனதும், என்றோ முடிந்துபோன கோப்பு ஒன்றை அனுப்பினான். உடனே திரும்பி வந்தது. அருளப்பன் எழுந்து போய், காலி நாற்காலிக்கு எதிரே நின்றான்.

"கூப்பிட்டீங்களா மேடம்?"