இரண்டாவது மாடி, கடைசி அறை

கூடத்தில் இருந்தவர்கள்: கட்டிலில் வேலு, தங்கச் சுரங்கம் மூடும்வரை கேஜில், ஆளைக் குழிக்குள் இறக்கும் இரும்புக் கூண்டில், இறங்கி ஏறியவர். தரையில் மருமகள் ஷோபா, கையில் போன். அவள் தோளில் சாய்ந்தபடி ஆறாம் வகுப்பு ஷில்பா. வாசல்படியில் வேலுவின் மகன் அனில், ஞாயிற்றுக்கிழமையும் கழுத்தில் நீல நாடாவில் கம்பெனி அட்டை.

அப்பாவும் மகனும் அப்போதுதான் ஊரிகம் ஸ்டேஷன் டீக்கடைக்குப் போய்விட்டு வந்திருந்தார்கள். அட்டை இல்லாமல் மகனை அங்கே கூட்டிப்போக வேலுவுக்குப் பிடிக்காது. கம்ப்யூட்டர் கம்பெனி ஆபீசரின் அப்பா என்றுதான் அங்கே அவருக்கு மரியாதை.

வருகிற சனி, ஞாயிறு பெங்களூர் போனால் எங்கே தங்குவது என்பது பேச்சு. பதினோரு வருஷமாக அனில் தினமும் ரயிலேறி அங்கே போய் வருகிறான். ஒரு ராத்திரி தங்கியதில்லை. ஷில்பாவுக்கு ஊரைச் சுற்றிக் காட்ட ஒரு பகல் போதாது. பெங்களூருக்கு முடிவு எங்கே என்று அங்கே இருப்பவனுக்கே தெரியாது.

"மெஜஸ்டிக்ல ரேணுகா கம்ஃபர்ட்ஸ்னு ஒன்னு கீது" என்றாள் ஷோபா.

அனில் வாசல்படியிலிருந்து திரும்பினான். "அதுவா? வாணாம். தண்ணியே வராது."

"போட்டோவப் பாருங்க. பெட்ஷீட்டு இன்னா வெள்ள, ஒரு சுருக்கம் இல்ல."

"போட்டோவுக்குப் போட்டதா இருக்கும். ஒரே மூட்டப்பூச்சி. லிஃப்ட்டு வேற பாதியில நின்னுடும்."

வேலு சிரித்தார். "கேஜு நடுவுல நின்னு, ரெண்டு மணி நேரம் இருட்டுல தொங்கினவன்டா நானு. எங்கிட்ட லிஃப்ட்டு கத சொல்றியா? உனுக்கு எப்பிடித் தெரியும், அங்க போயிருக்கியா?"

"ஆபீஸ்ல சொன்னாங்க நைனா."

அந்த ஆபீஸ் நாலு வருஷத்துக்கு முன்பே அவனை வெளியே அனுப்பிவிட்டது. அட்டையைத் திருப்பி வாங்க மறந்துவிட்டார்கள். அப்போதிருந்து அனில் ரேணுகா கம்ஃபர்ட்ஸில் ரூம் பாய். அறையைப் பெருக்கி, கக்கூஸைக் கழுவி, அந்த வெள்ளை பெட்ஷீட்டை இழுத்து விரிப்பவன் அவன்தான். ரயிலில்கூடத் தெரிந்த முகம் ஏறாத கடைசிப் பெட்டியில்தான் உட்காருவான்.

"இந்திராநகர் பக்கம் பாரேன்" என்றான்.

"அங்க தங்கணும்னா இந்த வீட்ட வித்துட்டுத்தான் போவணும்."

"எங்கூடப் படிச்ச சிரில் வீடு கீதே அல்சூர்ல. கூப்புட்டுக்கினே இருக்கான்."

"ஒரே ரூமுல ஆறு பேரு குந்தியிருக்காங்க. நாம நாலு பேரும் போயி நிக்கிறதா?"

ஷில்பா தலையைத் தூக்கினாள். "டாடி, உங்க ஆபீஸ் பக்கத்துலயே தங்கலாம். ஆபீஸ் காட்டுங்க."

"சனிக்கெழம பூட்டியிருக்கும்மா."

"வெளியில நின்னு பாக்கறேன்."

"இங்க சிக்னலே இல்ல" என்று ஷோபா போனோடு கொல்லைப்பக்கம் போனாள். அவள் கன்னடத்தில் பேசுவது கேட்டது, வார்த்தை பிடிபடவில்லை. அறை பிடிக்கும் பேச்சுக்குப் பத்து நிமிஷம் ஆனது.

"ரேணுகாவுலயே போட்டாச்சி. ரெண்டாவது மாடி, கடைசி ரூமு. மேனேஜரு அட்வான்ஸே வாணாம்னுட்டாரு."

"நல்ல மனுசன்" என்றார் வேலு.

மேனேஜர் ரவிகுமார் அட்வான்ஸ் இல்லாமல் சொந்தத் தம்பிக்கே சாவி தரமாட்டார். அதை யோசிக்கும் நிலையில் அனில் இல்லை. அப்பா சொன்ன கேஜில் இப்போது தொங்கிக்கொண்டிருந்தவன் அவன்தான்.

மறுநாள் ரவிகுமாரிடம் சனி, ஞாயிறு லீவு கேட்டான். எதற்கு என்றுகூடக் கேட்காமல் அவர் தலையாட்டினார். வரப்போவது என் குடும்பம்தான் என்று சொல்ல அனிலுக்கு வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வழி செய்து வைத்திருந்தான். மெஜஸ்டிக்கில் இறங்கியதும் ஆபீஸிலிருந்து போன், அவசர வேலை என்று நழுவிவிடுவது. லாட்ஜ் வாசலையே மிதிப்பதில்லை. ராத்திரிக்கு ஸ்டேஷன் பெஞ்சு.

சனிக்கிழமை காலை. இஸ்திரி போட்ட சட்டையில் வேலு பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு முன்னால் நடந்துவிட்டார். போகிற வழியெல்லாம் "மவன் ரூம் போட்டிருக்கான், மெஜஸ்டிக்ல" என்று அவர் குரல் கேட்டுக்கொண்டே போனது.

அனில் பையோடு வாசலில் இறங்கினான். "டேகு மறந்துட்டீங்க" என்று ஷோபா பின்னாலேயே வந்தாள்.

"லீவு நாள்ல அது இன்னாத்துக்கு?"

"மாமா பாப்பாரு. போட்டுக்கங்க." நீல நாடாவை அவளே அவன் கழுத்தில் மாட்டினாள். பிறகு திரும்பிக் கதவைச் சாத்தினாள்.

ஆபீஸ் போன் கதையை இப்போதே சொல்லி வைத்துவிடலாம் என்று அனில் ஆரம்பித்தான். "ஷோபா, அங்க போனதும் ஆபீஸ்ல இருந்து போன் வந்தாலும் வரும். வந்துச்சின்னா நீங்க மட்டும் ரூமுக்கு..."

அவள் பூட்டை அழுத்தி, இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். சாவியைப் பர்ஸில் போட்டாள். முன்னால் போகிறவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

"ரவிகுமார் சார்கிட்ட பேசிட்டேன், அங்க யாருக்கும் உங்களத் தெரியாது."