சனிக்கிழமை விலை

“நாற்பத்திரண்டாயிரம் ஆகும் சார். அதுக்குக் கீழே வராது” என்று மெக்கானிக் கூசாமல் சொன்னபோது, கவுண்டரில் இருந்த அக்காவுக்கு வயிறு எரிந்தது. அவள் முன்னால் இருந்த கம்ப்யூட்டரில் அதே காருக்கு, அதே ஆல்டர்னேட்டருக்கு, கூலியும் சேர்த்து ஆறாயிரத்து ஐந்நூறு என்று இருந்தது.

அது ஒன்றும் கிடைக்காத பொருள் இல்லை. கார் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற சாமான், அவ்வளவுதான். அது போய்விட்டால் விளக்கு மங்கும், கொஞ்ச நேரத்தில் வண்டியும் நின்றுவிடும். பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த மூன்றே வாரத்தில் அவளுக்கே இது தெரிந்திருந்தது.

விலை கேட்ட அந்தப் பெரியவர் சனிக்கிழமை தவறாமல் பதினோரு மணிக்கு நடந்தே வருவார். ‘சனிக்கிழமை சார்’ என்றே அவருக்குப் பெயர் வைத்திருந்தார்கள். கையில் கார் சாவி இருக்கும், அதுவும் லேசாக வளைந்த சாவி. காரை மட்டும் ஒரு நாளும் கொண்டு வந்ததில்லை.

“போன வருஷமும் இதே விலைதானா தம்பி? குறைஞ்சிருக்காதே?”

“அப்பவும் இதேதான் சார். ஒத்தைக் காசு குறைஞ்சிருக்காது.”

பெரியவரின் முகம் இளகியது. அவ்வளவு பணத்துக்கு நான் எங்கே போவேன் என்று சொல்லிக்கொண்டே, ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பினார். யானை விலை சொல்லியும் நிம்மதியாகப் போகிற மனிதரை அக்கா அதுவரை பார்த்ததில்லை. பாவம், கேட்டுக் கேட்டு மரத்துப்போய்விட்டது போல என்று நினைத்துக்கொண்டாள்.

மற்றவர்களிடம் ஒரு ஸ்குருவுக்குக்கூட அதிகம் வாங்காத மெக்கானிக், இந்த ஒருவரை மட்டும் ஏன் மொட்டை அடிக்கப் பார்க்கிறான் என்று அவளுக்குப் புரியவில்லை. போன வருஷம் ஃபிரிட்ஜ் ரிப்பேர்காரன் ஒருவன் அவள் காதில் இப்படித்தான் பூ சுற்றிவிட்டுப் போனான். அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. வாயைத் திறந்தால் வேலை போகும், வேலை போனால் வீட்டு வாடகைக்கு வழியில்லை. மூன்று சனிக்கிழமையாக அதை நினைத்துத்தான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

இன்று பெரியவர் குடையை மறந்துவிட்டுப் போயிருந்தார். மெக்கானிக் ஒரு காருக்கு அடியில் படுத்திருந்தான். அக்கா குடையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

“ஐயா, உங்களை ஏமாத்துறாங்க. மொத்தமே ஆறாயிரத்து ஐந்நூறுதான் ஆகும்.”

பெரியவர் அவள் பக்கம் திரும்பினார். “போன வருஷம்?”

அதையும் அவள் பார்த்து வைத்திருந்தாள். “போன வருஷம் இன்னும் கம்மி ஐயா. ஆறாயிரத்து இருநூறு.”

“அவ்வளவுதானா?” என்றார். பிறகு கையிலிருந்த சாவியைப் பார்த்துக்கொண்டே, மெதுவாக, “அவ்வளவுதானாம்மா?” என்றார்.

அவர் குடையை வாங்கவில்லை. எப்போதும் இடப்பக்கம் வீட்டுக்குத் திரும்புகிறவர், வலப்பக்கம் பெரிய ரோட்டை நோக்கி நடந்தார். பணம் எடுக்கத்தான் போகிறார் என்று அக்காவுக்கு மனசு குளிர்ந்தது.

திரும்பி வந்தவளின் கையில் குடையைப் பார்த்து மெக்கானிக் எழுந்து வந்தான். இனி ஒளிக்க என்ன இருக்கிறது என்று அவளும் நிமிர்ந்து நின்று, சரியான விலையைப் பெரியவரிடம் சொல்லிவிட்டதாகச் சொன்னாள். வேலையை விட்டு நிறுத்துவதானால் நிறுத்திக்கொள்ளுங்கள் என்றும் சேர்த்துச் சொன்னாள்.

மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே போட்டான். “எந்தப் பக்கம் போனாரு?”

“பெரிய ரோட்டுப் பக்கம்.”

அவன் பைக்கை நோக்கி ஓடினான். அவளும் பின்னாலேயே ஓடினாள். அவன் அவசரத்தில் பைக் சாவி துவாரத்தில் நுழையவே இல்லை.

“போன வருஷம் ஆல்டர்னேட்டர் போயிடுச்சு, மாத்திடலாம் சார்னு சொன்னேன். அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு வண்டியை எடுத்துட்டுப் போயிட்டாரு. அன்னைக்குச் சாயங்காலமே அவர் பொண்ணு ஓட்டிட்டுப் போகும்போது, பெரிய ரோட்டுல வண்டி நின்னு போச்சு. லைட்டும் எரியல. பின்னாடி லாரி.”

“அப்புறம் ஏன் தம்பி நாற்பத்திரண்டாயிரம்னு சொன்னீங்க?” என்றாள் அக்கா.

“வேணாம்னு சொன்னது மட்டும்தான் அவருக்கு ஞாபகம் இருக்கு, தொகை மறந்துபோச்சு. பெரிசா ஒண்ணு சொன்னா, நம்மால முடியாமத்தானே விட்டோம்னு ஒரு வாரம் தாங்குவாரு.”

பைக் ஸ்டார்ட் ஆகிவிட்டது. அக்கா அதன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்காவது இவன் அநியாய விலை சொல்லியிருக்கக் கூடாதா, அவரை நன்றாக ஏமாற்றப் பார்த்திருக்கக் கூடாதா என்று அவள் மனசு கிடந்து தவித்தது.

“அன்னைக்கு நீங்க எவ்வளவு தம்பி சொன்னீங்க?”

“உள்ளதைத்தான்க்கா. ஆறாயிரத்து இருநூறு.”