ஏன் ஞாயிற்றுக்கிழமை?

"ஞாயித்துக்கிழமைன்னா சொல்லுங்க, எல்லா ஏற்பாடும் நான் பாத்துக்கறேன். சனிக்கிழமைதான்னா வேற ஆளைப் பாத்துக்கோங்க."

சொல்லிவிட்டு இசபெல் பேனாவை மூடி மேஜைமேல் வைத்தாள்.

புல்தரையில் பந்து உருட்டும் கிளப் அது. வருஷா வருஷம் மே மாதம் பஸ் பிடித்து நாற்பது பேர் எடின்பரோவுக்குப் போய் வருவார்கள். எப்போதும் சனிக்கிழமைதான். இசபெல் செயலாளராக வந்த முதல் வருஷமே இப்படிக் குட்டையைக் குழப்புவாள் என்று யார் கண்டது? கமிட்டியில் மொத்தம் மூன்றே பேர். இசபெல், டூகல், நெட்டா.

"சர்ச்சுன்னு ஒண்ணு இருக்கே, ஞாபகம் இருக்கா?" டூகலுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. "காணிக்கைத் தட்டை நான்தான் பிடிக்கணும். இருபது வருஷத்துல ஒரு ஞாயிறு தவறினதில்ல."

"ஒரு வாரம் அந்தத் தட்டு உன்னைத் தேடாது, டூகல்."

"கடையெல்லாம் மத்தியானம்தான் திறப்பாங்க. அதுவரைக்கும் நாற்பது பேரும் தெருவுல நின்னு புறா எண்றதா?"

"கோட்டை திறந்திருக்கும். மியூசியம் திறந்திருக்கும்."

"அது சனிக்கிழமையும் திறந்திருக்குமே! காரணத்தைச் சொல்லு, ஒத்துக்கறேன்."

"காரணம் ஒண்ணும் இல்ல. ஞாயித்துக்கிழமைதான்."

"அப்ப நான் சனி, அவ ஞாயிறு. நெட்டா, நீ சொல்றதுதான் முடிவு."

நெட்டாவுக்கு அந்தக் காரணம் தெரியாமல் தலை வெடித்துவிடும்போல் இருந்தது. பக்கத்து வீட்டுத் தபால் எங்கிருந்து வந்தது என்று தெரியாவிட்டாலே சாப்பாடு இறங்காத பிறவி அவள். இசபெலின் புருஷன் போய் ஆறு வருஷம் ஆகிறது. ஞாயிறு மட்டும் ஓய்வாக இருக்கிற ஆள் யாராவது எடின்பரோவில்...?

"ஏண்டி, அங்க யாரையாவது பாக்கணுமா?" காதோடு கேட்டாள்.

"ஆமா. ராஜகுமாரன் ஒருத்தன் குதிரையோட காத்திருக்கான். போடி."

அந்த நேரம் பார்த்துக் காற்றில் வாசல் கதவு படாரென்று அறைந்தது. உடனே சமையலறையில் ஏதோ விழுந்து நொறுங்கியது.

"போச்சு, இன்னும் ரெண்டு கப்," என்றார் டூகல். "இந்த ஸ்ட்ரூவன் கையில எதைக் குடுத்தாலும் இதே கதைதான்."

ஸ்ட்ரூவன் கிளப்பின் புல்தரையைப் பார்த்துக்கொள்பவர். ஃபாக்லாந்து போரிலிருந்து திரும்பி வந்து இந்த வேலையில் சேர்ந்தவர். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். மற்ற நாளில் எல்லோருக்கும் டீ போட்டுத் தருவார், ஆனால் பத்து வருஷத்தில் ஒரு தடவைகூட எடின்பரோவுக்கு வந்ததில்லை. கேட்டால், "புல்லு வெட்டணும்" என்பார். நம்மோடு வர அவருக்குக் கௌரவக் குறைச்சல் என்று கிளப்பில் ஒரு பேச்சு உண்டு.

இசபெல் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

அவள் விட்டுப்போன எடின்பரோ கையேடு மேஜைமேல் கிடந்தது. நெட்டாவின் கை சும்மா இருக்குமா? புரட்டினாள். கோட்டையைப் பற்றிய பக்கத்தில் ஒரே ஒரு இடத்தில் பென்சிலால் அடிக்கோடு போட்டிருந்தது.

படித்தாள். மறுபடியும் படித்தாள்.

ஊருக்கே தெரிந்த சமாசாரம். சின்ன வயதிலிருந்தே அவளுக்கும் தெரியும். ஆனால் இத்தனை வருஷமாக அது தோன்றவே இல்லையே! ராஜகுமாரனைத் தேடிப் போன தன் புத்தியை நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"என்ன அது, காதல் கடிதமா?" என்றார் டூகல்.

நெட்டா கையேட்டை அவர் பக்கம் தள்ளி, பென்சில் கோட்டின்மேல் விரலை வைத்தாள்.

மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படிக்க வாயைத் திறந்த டூகல், திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டார். சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். உள்ளே இசபெல் உடைந்த துண்டுகளைக் கூட்டி அள்ளும் சத்தம் கேட்டது.

"சொல்லித் தொலைச்சிருக்கலாமே அவ," என்று முணுமுணுத்தார்.

"சொன்னா அவர் காதுல விழும். விழுந்தா வருவாரா?" என்றாள் நெட்டா, அதைவிட மெதுவாக.

ஸ்ட்ரூவன் டீத்தட்டோடு வந்தார். வாசல் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பின்னாலேயே இசபெல்.

"மன்னிச்சுக்கோங்க. கை வழுக்கிடுச்சு."

"விடுய்யா, அந்தக் கப்பெல்லாம் என் வயசு. எப்பவோ உடைஞ்சிருக்கணும்," என்றார் டூகல்.

"எந்த நாள்னு முடிவாச்சா?"

"ஞாயிறு!" நெட்டா கையைத் தூக்கினாள். டூகலின் கையும் கூடவே எழுந்தது.

இசபெல் அவர்களைப் பார்த்தாள். மேஜைமேல் விரிந்து கிடந்த கையேட்டைப் பார்த்தாள். அதை மூடினாள்.

"ஞாயிறா? உங்களுக்கு சர்ச் இருக்குமே, டூகல்?" ஸ்ட்ரூவனுக்கு ஆச்சரியம்.

"அதுக்காகத்தான்யா! நம்ம பாதிரியார் பிரசங்கத்துலேர்ந்து ஒரு வாரமாவது தப்பிக்கலாம்னு பாக்கறேன். வெளியில சொல்லிடாதே."

ஸ்ட்ரூவன் வாய்விட்டுச் சிரித்தார். நெட்டா அதுவரை அவர் சிரித்துப் பார்த்ததில்லை. தட்டை வைத்த பிறகும் அவர் நகராமல் நின்றார்.

"ஞாயித்துக்கிழமை எனக்குப் புல்லு வெட்டற வேலை இல்ல..." என்று இழுத்தார். "பஸ்ஸுல எனக்கு ஒரு இடம் இருக்குமா?"

"ஜன்னலோரமா போட்டு வெச்சிருக்கேன்," என்றாள் இசபெல், பட்டியலைப் பார்க்காமலே.

கையேட்டை எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். அதில் அவள் அடிக்கோடு போட்டிருந்தது இதுதான்:

'கோட்டை மதிலில் தினமும் பகல் ஒரு மணிக்குப் பீரங்கி வெடிக்கும். ஞாயிற்றுக்கிழமை கிடையாது.'