பிசகிய சீட்டி

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்ததும் அப்பாவுக்கு அந்தப் பழைய கௌபாய் படத்தைப் போட்டாக வேண்டும். கடைசிக் காட்சியில் குதிரைக்காரன் நமக்கு முதுகைக் காட்டியபடி, சீட்டியடித்துக்கொண்டே பாலைவனத்துக்குள் போவான். அப்பாவும் கூடவே சீட்டியடிப்பார். மெட்டு மேலே ஏறும் இடத்தில் அவருக்கு மட்டும் வழுக்கிவிடும். "காது குடுத்துக் கேக்க முடியல!" என்று அம்மா சமையலறையிலிருந்து சத்தம் போடுவாள். அவர் பிடரியைச் சொறிந்துகொண்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

அவர் போய்ச் சேர்ந்த பிறகு அம்மா யாரையும் திட்டவில்லை. வாயைத் திறப்பதே அபூர்வமாகிவிட்டது. வீடு வெறிச்சென்று கிடக்கிறதே என்று சின்னவள்தான் இன்று அந்தப் படத்தைப் போட்டாள்.

குதிரைக்காரன் கிளம்பினான். மெட்டு மேலே ஏறும் இடத்தில் சீட்டி வழுக்கியது. டிஸ்க் தேய்ந்திருக்கும் என்று சின்னவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"எத்தனை தடவைங்க சொல்றது? மறுபடியும் அதே இடத்துல சொதப்புறீங்க!" பாத்திரம் கழுவியபடி, திரும்பிக்கூடப் பார்க்காமல் அம்மா சொன்னாள்.

திரையில் குதிரைக்காரன் கடிவாளத்தை இழுத்து நின்றான். பிடரியைச் சொறிந்துகொண்டான். பிறகு முதலிலிருந்து ஆரம்பித்தான்.